வழியில் நின்றவர்கள்



தமிழில் ‘மார்க்கம்’ என்றொரு சொல் வழங்குகிறது. வழி என்பது அதன் பொருள். சமயம் என்பதும் அதன் பொருள். ‘நெறி’ என்னும் சொல்லும் இவ்வாறே இரு பொருள் தந்து நிற்கிறது. சமயம் என்பது ஒருவன் உட்கார்ந்திருக்கும் இடமன்று, நடந்து செல்லும் வழி என்ற கருத்து நமக்குப் புதிதன்று. கிறிஸ்தவ சமயத்தின் தொடக்க காலத்திலும் இக்கருத்தே விளங்கக் காண்கிறோம். இயேசுநாதரைப் பின்பற்றியவர்களுக்குக் ‘கிறிஸ்தவர்’ என்ற பெயர் அந்தியோகியா நகரில் முதன்முதலாக ஏற்பட்டது. ஆனால், அச்செய்தியைக் கூறும் அதே நூல், அவர்களை அந்த ‘வழியைச் சேர்ந்தவர்கள்’ என்றும் குறிப்பிடுகிறது. தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்த பெரியோர் அவ்விடத்தில் ‘மார்க்கத்தார்’ என்ற சொல்லையே அமைத்தனர். அது எத்துணைப் பொருத்தமான சொல் என்பதை எண்ணி எண்ணி நான் மகிழ்வதுண்டு.

நம்பிக்கை, போதனை, பயணம் ஆகிய மூன்றும் நம் அன்றாட வாழ்வில் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்பதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். நான் சமய போதகன் அல்லன். ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன். ஆயினும், போதிப்பதைப் பற்றி நான் கற்ற முதற்பாடம் வகுப்பறையில் கிடைக்கவில்லை. ஒரு சிற்றூரின் வேப்பமரத்தடியில் கிடைத்தது. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

இயேசுநாதர் தொழுகைக்கூடங்களிலும் போதித்தார் என்பது உண்மை. ஆனால், அவருடைய சொற்களில் பெரும்பகுதி வழிகளிலே பிறந்தது. மலைச்சரிவு, ஏரிக்கரை, மீன்பிடி படகு, கிணற்றங்கரை ஆகியவையே அவருடைய பள்ளிகள். சமாரியா நாட்டுக் கிணற்றோரத்தில் ஒரு பெண்ணோடு அவர் பேசிய பேச்சு பெரிதும் போற்றப்படுகிறது. அப்பேச்சு எவ்வாறு தொடங்கியது? நடந்து களைத்த அவர், குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுக்க வந்தவர் முதலில் கேட்பவராக நின்றார்.

எரிகோ என்னும் நகரை விட்டு அவர் புறப்பட்டபோது நிகழ்ந்தது வேறொன்று. வழியோரம் பர்த்திமேயு என்ற குருடன் அமர்ந்து பிச்சை எடுத்துக்கொண்டிருந்தான். இயேசு வருகிறார் என்று கேள்வியுற்றதும் அவன் உரக்கக் கூவினான். கூட்டத்தார் அவனை அதட்டி அடக்க முயன்றனர். அவர்களைக் கொடியவர்கள் என்று கூற இயலாது. எருசலேமுக்குச் செல்லும் பெரும்பயணம் அது. இடையில் ஒரு பிச்சைக்காரன் தடையாக இருக்கலாகாது என்று எண்ணியவர்கள் அவர்கள். ஆனால் இயேசு நின்றார். அவ்வளவுதான் அந்நூல் கூறுவது. அவர் நின்று, அவனை அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று வினவினார். குருடனுக்கு வேண்டுவது இன்னதென்று எவருக்கும் தெரியும். எனினும், அவன் வாயால் சொல்லக் கேட்க வேண்டும் என்று அவர் கருதினார். நடப்பது பயணம், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் பயணமே என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அவருக்குப்பின் அச்செய்தியை நெடுந்தூரம் எடுத்துச் சென்றவர் பவுலடியார். நிலத்திலும் நீரிலும் அவர் செய்த பயணங்கள் பல. மும்முறை கப்பற்சேதத்தில் சிக்கியதாக அவரே எழுதியுள்ளார். அவர் கூடாரம் செய்யும் தொழிலை அறிந்தவர். கொரிந்து நகரில் அத்தொழிலைச் செய்து பிழைத்துக்கொண்டே போதித்தார். அவருடைய கடைசிப் பயணங்களுள் ஒன்றில் அவர் கைதியாகச் சென்றார். அக்கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். பல நாட்கள் வீசிய புயலில் அனைவரும் நம்பிக்கை இழந்து, உணவையும் மறந்திருந்தனர். அந்நிலையில் பவுல் அவர்களுக்கு நீண்ட சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. எல்லாரும் சாப்பிடுங்கள் என்று வற்புறுத்தி, தாமே அப்பத்தை எடுத்து, இறைவனுக்கு நன்றி கூறி, அனைவர் முன்னிலையிலும் உண்ணத் தொடங்கினார். அதைக் கண்டு மற்றவர்களும் உண்டனர்.

கப்பல் உடைந்து, எல்லாரும் மால்டா என்று இன்று வழங்கும் தீவில் கரையேறினர். மழையும் குளிரும் மிகுந்த நேரம். தீவினர் இரக்கங்கொண்டு தீ மூட்டினர். அப்போது பவுல் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார். அரும்பெரும் திருமுகங்களை எழுதிய கை, ஈரமணலில் விறகு பொறுக்கியது. அக்கையால் எழுதப்பட்டமையால்தான் அத்திருமுகங்களுக்கு வலிமை வந்தது என்று நான் நம்புகிறேன்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். 1542ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற அறிஞர் அவர். ஆனால், இக்கரையிலே அவர் மொழியறியாத சிறுகுழந்தை போன்றவர். தமிழும் போர்த்துகீசியமும் சிறிது சிறிது அறிந்தவர்களை வைத்துக்கொண்டு, வழிபாட்டு வாசகங்களைத் தமிழில் ஆக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு, கையில் ஒரு மணியை எடுத்து அடித்துக்கொண்டு, ஊர்த்தெருக்களில் நடந்து சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். நோயாளிகளின் வீடுகள் பல, அவரோ ஒருவர். எல்லா இடத்துக்கும் தாம் செல்ல இயலாதபோது சிறுவர்களை அனுப்பினார்.

1544ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று, கல்லூரி மாணவர்கள் எந்நாளும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தாம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, சிறப்பாகப் பாரிஸ் நகருக்குச் சென்று, பித்தனைப்போலக் கூவ வேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாக அவர் அதில் எழுதினார். யாரை நோக்கிக் கூவ வேண்டுமாம்? அன்பைக் காட்டிலும் அறிவு மிகுதியாக உடையவர்களை நோக்கி! கற்றவர் நிந்தனையாக இதைக் கொள்ளுதல் தவறு. சொன்னவரே கற்றவர். கற்ற கல்வியை ஒரு மீனவக் குழந்தையின் முன்னே கொண்டுவந்து வைக்க எவ்வளவு நடக்க வேண்டும் என்பதைத் தம் கால்களால் அறிந்தவர் அவர்.

போதகனுடைய சொல்லுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? இவ்வினாவுக்கு விடையாக நிற்பவர் சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மானியரான அவர் 1750ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் உழைத்து, 1798ஆம் ஆண்டில் தஞ்சையிலேயே மறைந்தார். 1779ஆம் ஆண்டில், சென்னை அரசாங்கத்தார் வேண்டிக்கொள்ள, ஐதர் அலியிடம் சமாதானத் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்றார். அப்பயணத்தில் தமக்குக் கிடைத்த பணத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தஞ்சையில் ஆதரவற்ற பிள்ளைகள் கல்வி பெற அது பயன்படட்டும் என்றார்.

தூது பலிக்கவில்லை. 1780ஆம் ஆண்டில் போர் மூண்டது. சோழவளநாடு பாழ்பட்டது, தஞ்சைக் கோட்டைக்குள் உணவு இல்லை. வெளியே ஊர்களில் நெல் இருந்தது. ஆனால், அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் வர மறுத்தனர். முன்பு வந்தபோது பேசிய கூலி அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே காரணம். அரசரின் ஆணையை அவர்கள் நம்பவில்லை; படைத்தலைவரின் உறுதியையும் நம்பவில்லை. இறுதியில் சுவார்ட்ஸ் ஐயரை வேண்டினர். கூலிக்குத் தாம் பொறுப்பு என்று அவர் ஊரூராகச் சொல்லியனுப்பினார். ஓரிரு நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. பேசிய கூலியை அவர் கொடுத்து அனுப்பினார்.

அம்மாட்டுக்காரர்களுள் அவருடைய சமயத்தை ஏற்றவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? மிகச் சிலரே இருந்திருக்கலாம். ஆனால், அவருடைய சொல்லை ஏற்காதவர் இல்லை. முப்பதாண்டுகள் அவர் அந்த வழிகளில் நடந்திருந்தார், பேசியபடியே நடந்திருந்தார். அந்த முப்பதாண்டு நடையே அன்று நெல்லாகக் கோட்டைக்குள் புகுந்தது. சமயம் பரப்ப வந்தோர் எல்லாரும் இத்தகையவர் என்று நான் கூறமாட்டேன். பிறர் நம்பிக்கையை இகழ்ந்து பேசியவர்களும், கேட்பவர் மனம் அறியாமல் பேசியவர்களும் இருந்தனர். அவர்களுடைய பேச்சு காற்றோடு போயிற்று. நின்றது நம்பத்தக்க வாழ்க்கையே.

கால்டுவெல் ஐயரின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். 1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு அழியாப் புகழ் பெற்றவர் அவர். அந்நூலுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1841ஆம் ஆண்டில், அவர் சென்னையிலிருந்து தென்கோடியிலுள்ள இடையன்குடிக்குப் புறப்பட்டார். பல்லக்கில் ஏறிச் செல்லலாம்; அக்கால வெள்ளையர் வழக்கம் அதுவே. அவரோ நடந்தார். சோழநாட்டின் ஊர்களைக் கண்டு, நீலகிரி மலையேறி இறங்கி, மதுரையைக் கடந்து, திருநெல்வேலிச் சீமையின் செம்மணல் தேரியில் வந்து சேர்ந்தார். மக்களையும் அவர்கள் பேசும் மொழியையும் அருகிருந்து அறிய வேண்டும் என்பது அவர் விருப்பம். பல்லக்கில் சென்றால் ஊர் தெரியும். நடந்து சென்றால்தான் ஊரார் தெரிவார்கள். அவ்வூரையே தம் ஊராகக் கொண்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்தார். இன்று அவர் துயில்வதும் அங்கேயே.

நடக்க இயலாதவர்களுக்குப் பயணம் இல்லையோ என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆங்கில நாட்டிலே ஜான் பனியன் என்றொருவர் இருந்தார். உடைந்த பாத்திரங்களைச் செப்பனிடுவது அவர் தொழில். அனுமதியின்றிப் போதித்தார் என்பதற்காக 1660ஆம் ஆண்டில் அவரைச் சிறையில் அடைத்தனர். இனிப் போதிக்கமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். அவர் சொல்லவில்லை, பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தார். அவர் எழுதி 1678ஆம் ஆண்டில் வெளிவந்த நூல், ஓர் ஆன்மா முதுகில் சுமையோடு மோட்ச நகரை நோக்கி நடக்கும் கதை. அதைத் தழுவியே நம் நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தைத் தமிழில் பாடினார். அது 1894ஆம் ஆண்டில் வெளிவந்தது. கால் கட்டுண்டவன் எழுதிய பயணக் கதை கடல் கடந்து வந்து நம் தமிழில் விருத்தமாக ஒலிப்பது எண்ணுந்தோறும் வியப்புத் தருவதன்றோ?

இத்துணைப் பெரியோரின் கதையைச் சொன்ன நான், இனி என் கதையைச் சொல்ல வேண்டும். அது பெருமைக்குரியதன்று.

நான் கல்லூரியில் பயின்றபோது, கோடை விடுமுறையில் எங்கள் ஊர் உபதேசியாரோடு பக்கத்துச் சிற்றூர்களுக்குச் செல்வதுண்டு. அவர் முதியவர், அதிகம் பேசாதவர். தோளில் ஒரு துணிப்பை தொங்கும். அதில் வேதபுத்தகத்தோடு மூக்குக்கண்ணாடி, மைப்பேனா, அஞ்சலட்டைகள் ஆகியவை இருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அவரைச் சுற்றிக் கூடுவோர், கடிதம் படிக்கவும் எழுதவும் வருவோரே. அதெல்லாம் முடிந்து, இருட்டிய பின்னரே வேப்பமரத்தடியில் விளக்கேற்றி அவர் பேசுவார். கால் மணி நேரத்துக்கு மேல் பேசமாட்டார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் கற்றவன் அல்லவா? ஒருநாள் நான் பேச அவர் இசைந்தார். இரவெல்லாம் விழித்து எழுதி, பலமுறை சொல்லிப் பார்த்து, அன்று மாலை ஊருக்குள் நுழைந்தேன். அங்கே ஓர் அம்மையார் நீலநிறக் கடிதம் ஒன்றை என்னிடம் நீட்டினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். பனையோலைப் பெட்டி முடைந்து பிழைக்கும் கைம்பெண். ஒரே மகன் வெளியூரில் கூலி வேலையில் இருந்தான். உபதேசியாரைச் சுற்றிக் கூட்டம் இருந்தமையால் என்னிடம் வந்தார். நானோ என் பேச்சின் தொடக்கத்தை மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். கடிதத்தை விரைவாகப் படித்தேன். மகன் நலமாக இருக்கிறான், வடநாட்டில் அணை கட்டும் வேலை கிடைத்திருக்கிறது, பணம் அனுப்புவான் என்று சொல்லி, மடித்துக் கொடுத்துவிட்டேன். “வேற ஒண்ணும் எழுதலையா, தம்பி?” என்று அவர் கேட்டார். இல்லை என்றேன்.

அன்று நான் பேசிய பொருள் இன்னதென்று இப்போது எனக்கு நினைவில்லை. அந்தக் கடிதத்தின் நிறம் நினைவிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். அந்த அம்மையார் இன்னொரு கடிதத்தோடு என்னிடமே வந்தார். நான் படிக்கத் தொடங்கினேன். இரயில் வண்டி நின்ற நேரம் முழுவதும் மேடையில் நின்று பார்த்ததாகவும், வண்டி புறப்படும் வரையில் தாய் வரவில்லை என்றும், வாங்கி வைத்திருந்த சேலை தன்னிடமே இருக்கிறது என்றும், உடல்நலம் இல்லையோ என்று கவலையாக இருக்கிறது என்றும் மகன் எழுதியிருந்தான். என் குரல் நின்றுவிட்டது. பழைய கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அவர் அதை ஓலைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். பக்கங்களில் இடம் போதாமல், ஓரத்து மடிப்பில் இரண்டு வரிகளை அவன் நெருக்கி எழுதியிருந்தான். வடக்கே போகும் வழியில், எங்கள் பகுதிச் சந்திப்பு நிலையத்தில் இன்ன நாளில் இறங்கி வண்டி மாறுவதாகவும், தாயை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக விரும்புவதாகவும் அதில் இருந்தது. அந்த மடிப்பை நான் திருப்பிப் பார்க்கவே இல்லை.

நடந்ததை அவரிடம் சொன்னேன். என் தவறு என்றேன். அவர் வைவார் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் நலமாக இருந்திருக்கும். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த இரண்டு வரிகளை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். “எம் மவன் எனக்காகக் காத்து நின்னிருக்கான். அது தெரிஞ்சுதே, போதும்” என்றார். சற்றுப் பொறுத்து, “இனிமே மெள்ளப் படி, தம்பி” என்றார்.

அன்று நான் வேப்பமரத்தடியில் பேசவில்லை. திண்ணையில் அமர்ந்து, அந்த அம்மையார் சொல்லச் சொல்ல, மகனுக்குக் கடிதம் எழுதினேன். தாயின்மீது தவறில்லை என்றும், படித்துச் சொன்னவன் பிழை என்றும் என் கையாலேயே எழுதினேன். அவன் ஊர் திரும்ப இரண்டாண்டுகள் ஆயின.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நெடுநேரம் உபதேசியார் ஒன்றும் பேசவில்லை. ஊர் எல்லையை அடைந்தபோது ஒன்று சொன்னார்: “நாம் தூக்கிக்கொண்டு போவதும் வேறொருவர் எழுதின கடிதந்தான். நம் இஷ்டத்துக்கு மடித்துக் கொடுக்கக் கூடாது.” அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்றும் பேசியதில்லை.

நண்பர்களே, பவுலடியார் உலகுக்கு விட்டுச் சென்றவை கடிதங்களே என்பதை அதற்குப் பிறகுதான் நான் ஊன்றி எண்ணினேன். யாரோ ஒருவர் அவற்றைச் சுமந்து நடந்தார். யாரோ ஒருவர் கூட்டத்தின் நடுவே நிறுத்திப் படித்தார். அவர்கள் ஒரு வரியைத் தவறவிட்டிருந்தால் என்னவாகியிருக்கும்! கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது, நீங்களே எங்கள் கடிதம் என்னும் கருத்தை அவர் வெளியிடுகிறார். அவ்வாறாயின், நம் எதிரில் வரும் ஒவ்வொரு மனிதரும் ஒரு கடிதம். அவரையும் மடிப்பு வரையில் படிக்க வேண்டும்.

நீங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களாகவும் இருக்கலாம். நாளை உங்களுள் சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் மருத்துவராவீர்கள், சிலர் அலுவலகத்தில் மனுக்களைப் படித்து ஆணை எழுதுவீர்கள். எல்லாரும் ஏதோ ஒரு வகையில் போதகரே, எல்லாரும் வழிப்போக்கரே. பல்லக்கும் மாட்டுவண்டியும் போய், பேருந்தும் இரயிலும் வானவூர்தியும் வந்தன. நீலநிறக் கடிதம் அருகி, கைப்பேசியில் நொடிக்கொரு செய்தி வருகிறது. விரைவு வளர்ந்தது நன்றே. ஆனால், வழியோரம் கூவுகிறவனும் கடிதம் நீட்டுகிறவளும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டதும் நிற்பதற்கு எந்த ஊர்தியும் நமக்கு உதவாது. நாமே நிற்க வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றும் யாரேனும் ஒரு தாளை என்னிடம் நீட்டினால், முதலில் அதன் மடிப்பைத் திருப்பிப் பார்க்கிறேன். என் நம்பிக்கை இன்னதென்று கேட்பவர்களுக்கு அதைவிடத் தெளிவான விடை என்னிடம் இல்லை.